காலண்டர்ல பேர் மட்டும் இருக்குற நாள் வேண்டாம், மக்கள் நிஜமாவே கொண்டாடுற வினோதமான நாட்கள் சொல்லுங்க

நீலப்பென்சில் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஆபீஸ்ல ஒரு நோட்டீஸ் போர்டு இருக்கு, மாசத்துக்கு ஒரு நாளைப் பத்தி அதுல எழுதி, அன்னிக்கு சாயந்திரம் எல்லாரும் சேர்ந்து சின்னதா ஏதாவது செய்யணும்னு பொறுப்பை என்கிட்ட குடுத்திருக்காங்க. பெரிய பண்டிகை எல்லாம் அவங்கவங்க வீட்டுலயே கொண்டாடிக்கிறாங்க, அதனால யாரும் அவ்வளவா கேள்விப்படாத நாளா இருந்தா நல்லா இருக்கும்னு நினைச்சேன். நெட்ல தேடினா ஒவ்வொரு தேதிக்கும் அஞ்சாறு நாள் வருது, பபிள் ரேப் நாள், பென்குயின் நாள்னு. ஆனா அன்னிக்கு யார் என்ன செய்றாங்கன்னு பார்த்தா ஒண்ணுமே இல்ல, நாலு பேர் படம் போட்டு வாழ்த்து சொல்லிட்டு போயிடுறாங்க. எனக்கு அது வேண்டாம். எங்கயாவது ஒரு ஊர்ல, இல்ல ஒரு தொழில் செய்றவங்க மத்தியில, உண்மையிலேயே எழுந்து வந்து ஏதாவது செய்ற நாளா வேணும். எப்படி ஆரம்பிச்சது, அன்னிக்கு என்ன செய்றாங்க, பத்து இருபது பேர் இருக்குற இடத்துல அதுல எதை செய்ய முடியும், இதெல்லாம் தெரிஞ்சவங்க சொன்னா ரொம்ப உதவியா இருக்கும். கணக்குல வர்ற பை (π) நாள் மட்டும் தெரியும், அதுவும் பேர் அளவுலதான்.

ஊசியும்நூலும்:

நான் தையல் வேலை செய்றவ, அதனால எனக்கு ரொம்ப பிடிச்ச ஒண்ணை முதல்ல சொல்லிடறேன். ஜப்பான்ல ஹரி குயோன்னு ஒரு நாள் இருக்கு. உடைஞ்ச ஊசி, வளைஞ்ச ஊசி, முனை மழுங்கின குண்டூசி, இதுக்கெல்லாம் நன்றி சொல்லி வழியனுப்பி வைக்கிற நாள். டோக்கியோ பக்கம் பிப்ரவரி 8, கியோட்டோ பக்கம் நிறைய இடத்துல டிசம்பர் 8. வருஷம் பூரா தேய்ஞ்சு போன ஊசியை தூக்கி எறியாம ஒரு டப்பாவுல சேர்த்து வச்சிருப்பாங்க. அன்னிக்கு அதை கோயிலுக்கு எடுத்துட்டுப் போவாங்க. அங்க ஒரு மேஜையில பெரிய டோஃபு கட்டி, வெள்ளையா, பஞ்சு மாதிரி வச்சிருப்பாங்க, ஒவ்வொருத்தரா வந்து தங்களோட ஊசியை அதுல குத்திட்டு கும்பிட்டு நகருவாங்க. ஏன் டோஃபுன்னா, அந்த ஊசி வருஷம் பூரா முரட்டுத் துணியிலயே ஏறி இறங்கி உழைச்சிருக்கு, கடைசியா ஒரு தடவை மெத்துன்னு ஒரு இடத்துல படுக்கட்டும்னுதான். சில இடத்துல டோஃபுவுக்கு பதிலா கொன்யாக்குன்னு ஒரு கிழங்குல செய்ற ஜெல்லி வைப்பாங்க. அன்னிக்கு ஊசி எடுத்து தைக்கக் கூடாதுங்கறதும் பழைய வழக்கம். டோக்கியோவுல அசகுசாவுல இருக்குற சென்சோஜி கோயில் வளாகத்துல இது பெருசா நடக்கும், தையல் படிக்கிற பொண்ணுங்க, கிமோனோ தைக்கிறவங்க, வீட்டுல தைக்கிற பாட்டிங்கன்னு எல்லாரும் வரிசையில நிப்பாங்க. கை நல்லா திருந்தி வரணும்னு வேண்டிக்கிறதும் உண்டு.

கைத்தொழில் செய்றவங்களுக்கு கருவி மேல இருக்குற பாசம் வெளில சொன்னா புரியாது. ஒரு ஊசி நம்ம கைக்கு பழகிடும், அது வளைஞ்சா மனசுக்கு கஷ்டமா இருக்கும். ஊசிக்கு மட்டும் இல்ல, அங்க எழுதுற தூரிகைக்கும், பழைய பொம்மைக்கும் கூட இந்த மாதிரி வழியனுப்பு உண்டு. உங்க ஆபீஸ்ல யாரும் தைக்க மாட்டாங்க, ஆனா தேய்ஞ்சு போன கீபோர்டு, மை தீர்ந்த பேனா, எத்தனையோ வருஷம் கூட இருந்த கால்குலேட்டர் இருக்கும் இல்லையா. அதை ஒரு மேஜையில வச்சு, அதை வச்சு என்ன வேலை செஞ்சாங்கன்னு ஆளாளுக்கு ரெண்டு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. நல்லா இருக்கும், நம்புங்க.

கணக்குவாத்தியார்:

பை நாள் பேர் அளவுல தெரியும்னு சொன்னீங்க, அதை முழுசா சொல்றேன். 1988ல சான் ஃபிரான்சிஸ்கோவுல எக்ஸ்ப்ளோரட்டோரியம்னு ஒரு அறிவியல் மியூசியத்துல வேலை பார்த்த லாரி ஷாங்கற இயற்பியலாளர் ஆரம்பிச்சு வச்சது. அமெரிக்காவுல மாசத்தை முன்னாடி போட்டு தேதி எழுதுவாங்க, அதனால மார்ச் 14ன்னா 3.14, வட்டத்தோட சுத்தளவை குறுக்களவால வகுத்தா வர்ற பை எண்ணோட முதல் இலக்கங்கள். அங்க மதியம் சரியா 1:59க்கு ஊர்வலம், ஏன்னா அடுத்த இலக்கங்கள் 159. ஆளுக்கு ஒரு இலக்கம் எழுதின அட்டையைப் பிடிச்சுக்கிட்டு வரிசையா நடப்பாங்க, பை இலக்கம் வரிசை மாறாம. அப்புறம் வட்டமா இருக்குற பலகாரம் சாப்பிடுவாங்க. ஐன்ஸ்டீன் பொறந்த தேதியும் அதேதான், 1879 மார்ச் 14. 2019ல யுனெஸ்கோ அதே தேதியை சர்வதேச கணித நாளா அறிவிச்சிடுச்சு. தேதியை முன்னாடி எழுதுற பழக்கம் உள்ளவங்களுக்கு ஜூலை 22 இருக்கு, 22/7, அதையும் கொண்டாடுறவங்க இருக்காங்க, எனக்கு பர்சனலா அதுதான் பிடிக்கும், பள்ளிக்கூடத்துல நாம போட்ட கணக்கெல்லாம் 22/7 வச்சுதானே.

பசங்களோட நான் செய்றது இதுதான். தட்டு, மூடி, டேப் ரோல், வாளி, கண்ணுல படுற வட்டமான பொருள் எல்லாத்தையும் கொண்டுவரச் சொல்லி, நூலால சுத்தளவு எடுத்து, அதே நூலை குறுக்கால வச்சு எத்தனை தடவை போகுதுன்னு பார்க்கச் சொல்லுவேன். சின்ன மூடிக்கும் மூணு தடவை போய் கொஞ்சம் மிச்சம், பெரிய வாளிக்கும் மூணு தடவை போய் கொஞ்சம் மிச்சம். அந்த மிச்சம் எல்லாத்துலயும் ஒரே விகிதத்துல வர்றதை தன் கையால பார்க்கும்போது அவங்க முகம் மாறும் பாருங்க. பெரியவங்களுக்கும் இதேதான் நடக்கும், ஆபீஸ்ல தாராளமா செய்யலாம்.

இன்னும் ரெண்டு சொல்லிட்டு முடிச்சிடறேன். வேதியியல் ஆசிரியர்கள் கொண்டாடுற மோல் நாள், அக்டோபர் 23, காலை 6:02 லேர்ந்து சாயந்திரம் 6:02 வரைக்கும். ஒரு மோல்ங்கற அளவு பொருள்ல எத்தனை துகள் இருக்குன்னு சொல்றது அவகாட்ரோ எண், அது 6.02 பெருக்கல் 10ன் 23வது அடுக்கு, அதான் கணக்கு. அப்புறம் வர்க்கமூல நாள். தேதியும் மாசமும் ஒரே எண்ணா இருந்து, அதோட வர்க்கம் வருஷத்தோட கடைசி ரெண்டு இலக்கமா வரணும். கலிஃபோர்னியாவுல ஒரு ஆசிரியர் 1981 செப்டம்பர் 9ல ஆரம்பிச்சது. நூறு வருஷத்துக்கு ஒன்பது தடவைதான் வரும், 2025 மே 5 ஒண்ணு, அடுத்தது 2036 ஜூன் 6.

திசைமாறி:

நல்ல கேள்வி. பட்டியலைப் பார்த்து ஏமாறாம இருக்க ஒரு வழி சொல்றேன், அந்த நாளை யார் உருவாக்கினாங்கன்னு முதல்ல பாருங்க. ஐநா சபை நாட்கள்னா ஏதாவது ஒரு நாடு தீர்மானம் கொண்டுவந்து பொதுச்சபையில ஏத்துக்கணும். தேனீ நாள் மே 20, ஸ்லோவேனியா கேட்டு வாங்கினது, அவங்க நாட்டு 18ஆம் நூற்றாண்டு தேனீ வளர்ப்பாளர் ஆன்டன் யான்ஷா நினைவா வச்ச தேதி. இன்னொரு பக்கம் கம்பெனிங்க விற்பனைக்காக ஆரம்பிக்கிறது. மூணாவது வகை, ரெண்டு ஃப்ரெண்ட்ஸ் சும்மா பேசிட்டிருக்கும்போது பொறந்தது, இதுல சிலது அதிசயமா நிலைச்சு நின்னுடும். கடற்கொள்ளையர் மாதிரி பேசுற நாள்னு செப்டம்பர் 19ல ஒண்ணு இருக்கே, அது 1995ல அமெரிக்காவுல ஆரிகன் மாநிலத்துல ஜான் பாவர், மார்க் சம்மர்ஸ்னு ரெண்டு நண்பர்கள் விளையாடிட்டு இருக்கும்போது தோணினது. அவங்க வட்டத்துக்குள்ளயே ஏழு வருஷம் ஓடுச்சு. 2002ல டேவ் பேரிங்கற பத்திரிகையாளர் தன் பத்தியில எழுதினதும் உலகம் பூரா பரவிடுச்சு.

ஒரு நாள் கைமாறி வேற ஒண்ணா ஆகுறதுக்கு நவம்பர் 11ஐ பாருங்க. சீனாவுல நான்ஜிங் பல்கலைக்கழக ஹாஸ்டல்ல 1990கள்ல ஆரம்பிச்சதா சொல்லுவாங்க. 11/11ல நாலு ஒண்ணு தனித்தனியா நிக்குது, அதனால ஜோடி இல்லாதவங்க ஒண்ணா சேர்ந்து சாப்பிட்டு ஜாலியா இருக்குற நாள். 2009ல அலிபாபா அந்த தேதியில தள்ளுபடி விற்பனை ஆரம்பிச்சது, இப்போ அது உலகத்துலயே பெரிய ஆன்லைன் ஷாப்பிங் நாட்கள்ல ஒண்ணு, அந்த ஹாஸ்டல் பசங்க கதை எங்கயோ அடியில போயிடுச்சு. எனக்கு இது வருத்தம்தான். இதுக்கு நேர் எதிரா ஒண்ணும் வாங்காத நாள்னு ஒண்ணு இருக்கு, 1992ல கனடாவுல ஆரம்பிச்சது. இப்போ அமெரிக்காவுல நவம்பர்ல வர்ற தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு மறுநாள், ஊரே கடைக்கு ஓடுற அன்னிக்கு, 24 மணி நேரம் எதுவும் வாங்காம இருப்பாங்க. செய்ய சுலபமான மாதிரி தெரியும், செஞ்சு பாருங்க, நாம எதை எதை யோசிக்காமலே வாங்குறோம்னு அன்னிக்குதான் தெரியும்.

அப்புறம் யாரும் சிரிச்சுட்டு விட்டுடாதீங்கன்னு ஒரு நாள் சொல்றேன், கழிப்பறை நாள், நவம்பர் 19. சிங்கப்பூர்ல தொழில் பண்ணிட்டிருந்த ஜாக் சிம் 2001ல அதே தேதியில இதுக்காகவே ஒரு அமைப்பு ஆரம்பிச்சாரு. வெளில பேசவே கூச்சப்படுற விஷயத்தை எல்லாரும் பேசுற மாதிரி பண்ணணும்னு பன்னெண்டு வருஷம் சொல்லிட்டே இருந்தாங்க, 2013ல ஐநா ஏத்துக்கிச்சு. ஒரு மனுஷன் பிடிவாதமா நின்னா ஒரு தேதிக்கே உயிர் வரும்னு எனக்கு அந்த கதையைப் படிச்சப்பதான் புரிஞ்சுது.

நீலப்பென்சில்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஊசி நாளைப் படிச்சுட்டு அப்படியே உக்காந்துட்டேன் அக்கா, மேஜையில பொருளை வைக்கிற யோசனையை கண்டிப்பா செய்யப் போறேன். திசைமாறி சொன்ன அந்த மூணு வகை பிரிப்பும் உதவியா இருக்கு. ஐநா நாட்கள்ல ஒரு கதையோட வர்றது வேற ஏதாவது இருக்கா? வெறும் விழிப்புணர்வுன்னு போட்டா யாரும் நின்னு படிக்க மாட்டேங்கறாங்க.

கரையோரம்:

இருக்கு தோழி, நவம்பர் 5, சுனாமி விழிப்புணர்வு நாள். பேரைக் கேட்டா கவர்ன்மென்ட் போஸ்டர் மாதிரி இருக்கும், பின்னாடி இருக்குற கதை வேற. 1854ல ஜப்பான்ல வகயாமா பகுதியில ஹிரோன்னு ஒரு கடற்கரை கிராமம். பெரிய நிலநடுக்கம் வந்துச்சு, பின்னாடியே சுனாமி. இருட்டிடுச்சு, தண்ணி ஏறுது, ஜனங்களுக்கு எந்தப் பக்கம் ஓடுறதுன்னு தெரியல. ஹமாகுச்சி கோரியோன்னு அந்த ஊர் பெரிய மனுஷர், சோயா சாஸ் தயாரிக்கிற குடும்பம், மேட்டுக்குப் போற வழியில குவிச்சு வச்சிருந்த வைக்கோல் போர்களுக்கு நெருப்பு வச்சாரு. அந்த வெளிச்சத்தைப் பார்த்து ஜனங்க மேட்டுக்கு ஏறி உயிர் தப்பினாங்க. ஆனா எனக்கு இதை விட பெருசா படுறது அதுக்கு அப்புறம் அவர் செஞ்சதுதான். வீடு வாசல் இழந்து ஊரை விட்டுப் போக இருந்தவங்களுக்கு தன் சொந்தப் பணத்துல கூலி குடுத்து கடலோரமா சுமார் 600 மீட்டர் நீளத்துக்கு மண் கரை எழுப்ப வச்சாரு. வேலையும் கிடைச்சுது, ஊரும் காலியாகல. 1946ல மறுபடி சுனாமி வந்தப்போ அந்தக் கரை கிராமத்தோட பெரும்பகுதியைக் காப்பாத்துச்சு. இப்பவும் வருஷா வருஷம் நவம்பர்ல அந்த ஊர் பள்ளிக்கூடப் பசங்க கையால மண் அள்ளிட்டுப் போய் அந்தக் கரை மேல போடுவாங்க. ஐநா 2015 டிசம்பர்ல இந்த நாளை அறிவிச்சப்போ தேதி இந்த சம்பவத்துலேர்ந்துதான் வந்தது.

கடல்னு சொன்னதும் இன்னொண்ணு, பொலிவியாவுல மார்ச் 23 கடல் நாள். அந்த நாட்டுக்கு இப்போ கடலே இல்ல, 1879ல ஆரம்பிச்ச போர்ல கடற்கரை பூரா சிலிகிட்ட போயிடுச்சு. ஆனா கடற்படை இருக்கு, டிட்டிகாக்கா ஏரியிலயும் ஆறுகள்லயும். அந்த நாள்ல கடற்படை வீரர்கள் வெள்ளை யூனிஃபார்ம்ல தலைநகர்ல அணிவகுத்துப் போவாங்க, ஸ்கூல் பசங்களும் சேர்ந்து நடப்பாங்க. 2018ல சர்வதேச நீதிமன்றம் சிலி பேச்சுவார்த்தை நடத்தியே ஆகணும்னு கட்டாயம் இல்லன்னு சொல்லிடுச்சு, அதுக்கப்புறமும் அந்த நாளை விடல. போன ஒண்ணை மறக்க மாட்டோம்னு ஒரு நாடே தெருவுல இறங்குறது, எனக்கு இதைப் பத்தி எவ்வளவு படிச்சாலும் தீரல.

வாலாட்டி:

மிருகங்களை யாரும் சொல்லலயே, நான் சொல்றேன். நேபாளத்துல திகார் அஞ்சு நாள் பண்டிகை, முதல் நாள் காக்காவுக்கு சோறு, ரெண்டாம் நாள் நாய்க்கு. குக்குர் திகார்னு பேர். நாய் கழுத்துல செண்டுமல்லி மாலை போட்டு, நெத்தியில சிவப்பு திலகம் வச்சு, நல்ல சாப்பாடு போடுவாங்க. வீட்டு நாய்க்கு மட்டும் இல்ல, தெருநாயையும் தேடிப் போய் மாலை போடுவாங்க, போலீஸ் நாய்ங்களுக்கும் தனியா மரியாதை நடக்கும். மாலை போட்டப்புறம் அதுங்க பெருமையா நிக்குற படங்களைப் பாருங்க, மனசு நிறைஞ்சிடும். தாய்லாந்துல லோப்புரியில நவம்பர் கடைசியில குரங்குகளுக்கு விருந்து வைப்பாங்க, பழைய கோயில் முன்னாடி மேஜை போட்டு பழம் அடுக்கி. 1980கள் கடைசியில ஒரு ஹோட்டல்காரர் சுற்றுலாவுக்காக ஆரம்பிச்சது. ஆனா இதை உங்க போர்டுல போடுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை, அந்த ஊர்ல குரங்கு தொல்லை அளவு மீறிப் போய் 2024ல நிறைய குரங்குகளைப் பிடிச்சு அடைக்க வேண்டியதாயிடுச்சு. குக்குர் திகார் மாதிரி, கூடவே வாழ்ற பிராணிக்கு நன்றி சொல்றதும், கூட்டம் சேர்க்க பிராணியை வச்சு விழா எடுக்குறதும் ஒண்ணு இல்லன்னு நான் நினைக்கிறேன். உங்க இடத்துல செய்யணும்னா பக்கத்துல இருக்குற நாய்க் காப்பகத்துக்கு அன்னிக்கு எல்லாரும் சேர்ந்து போயிட்டு வரலாம்.

தூங்காமணி:

நான் சுருக்கமா மூணு. பாலியில நியெபி, மார்ச் வாக்குல வரும், பாலி காலண்டர்ல புது வருஷம். 24 மணி நேரம் தீவே மௌனம். நெருப்பு, வெளிச்சம், வேலை, பயணம், கேளிக்கை எதுவும் கிடையாது. விமான நிலையமே மூடிடுவாங்க, டூரிஸ்ட்டும் ஹோட்டலை விட்டு வெளில வரக் கூடாது, பெசலாங்னு ஊர்க் காவலர்கள் மட்டும் சுத்தி வருவாங்க. ஆஸ்பத்திரி மாதிரி அவசரத்துக்கு மட்டும் விலக்கு. 2018ல மொபைல் இன்டர்நெட்டையும் நிறுத்தினாங்க. அதுக்கு முந்தின ராத்திரி நேர் எதிர், பூதம் மாதிரி பெரிய பெரிய பொம்மைகளை மூங்கில் சட்டத்துல தூக்கிட்டு கத்தி ஆர்ப்பாட்டமா ஊர்வலம் போவாங்க.

பின்லாந்துல ஜூலை 27 தூங்குமூஞ்சி நாள். வீட்டுல கடைசியா எழுந்திரிக்கிறவர் மேல தண்ணி ஊத்தி எழுப்புவாங்க. நான்தாலிங்கற ஊர்ல காலையில ஏழு மணி வாக்குல பிரபலமான ஒருத்தரைத் தூக்கி கடல்ல போடுவாங்க, யாருன்னு அதுவரைக்கும் ரகசியம். எபேசு நகரத்துல குகைக்குள்ள பல காலம் தூங்கின ஏழு பேர் கதையிலேர்ந்து வந்த நாள் இது. அதே நாட்டுல அக்டோபர் 13 தோல்வி நாள், 2010ல கல்லூரி மாணவர்கள் ஆரம்பிச்சது, பெரிய ஆளுங்களும் தங்களுக்கு எது கைகூடாம போச்சுன்னு வெளிப்படையா பேசுவாங்க. ஆபீஸ்ல மேனேஜர் முதல்ல பேச ஒத்துக்கிட்டா மட்டும் செய்யுங்க, இல்லன்னா புதுசா சேர்ந்தவங்க வாயே திறக்க மாட்டாங்க.

உங்க ஆபீஸ்ல ஐடி ஆளுங்க இருந்தா புரோகிராமர் நாளும் குறிச்சுக்கோங்க, வருஷத்தோட 256வது நாள், கம்ப்யூட்டர் நினைவகத்தோட சின்ன அலகான ஒரு பைட்ல அடங்குற மதிப்புகளோட எண்ணிக்கை அதுதான். செப்டம்பர் 13, லீப் வருஷத்துல 12. ரஷ்யாவுல 2009லேர்ந்து அதிகாரப்பூர்வ நாள்.

நீலப்பென்சில்:

வருஷம் பூரா வண்டி ஓட்டுற அளவுக்கு குடுத்துட்டீங்க! பிப்ரவரிக்கு ஊசி, மார்ச்சுக்கு பை, நவம்பருக்கு கரையோரம் சொன்ன வைக்கோல் போர் கதை, இது மூணும் முடிவு பண்ணிட்டேன். டிசம்பர் கடைசியில கையால செய்ற மாதிரி ஏதாவது இருந்தா சொல்லுங்களேன், அப்போ வேலை கம்மி, எல்லாரும் ஃப்ரீயா இருப்பாங்க.

ஊசியும்நூலும்:

அதுக்கு சரியான ஒண்ணு இருக்கு. மெக்சிகோவுல ஓஹாகா நகரத்துல டிசம்பர் 23 முள்ளங்கி இரவு. கிறிஸ்துமஸ் சந்தையில காய்கறிக்காரங்க ஆளுங்களைக் கூப்பிடுறதுக்காக முள்ளங்கியில பொம்மை செதுக்கி வைப்பாங்களாம், 1897ல நகராட்சி அதை போட்டியா மாத்திடுச்சு. இதுக்குன்னே தனியா விளைய வைக்கிற சிவப்பு முள்ளங்கி, சாப்பிடுறதுக்கு இல்ல, சாதாரண முள்ளங்கியை விட ரொம்ப பெருசா கோணல்மாணலா வளரவிட்டு எடுப்பாங்க. அந்தக் கோணலைப் பார்த்துதான் எது கை, எது வால்னு முடிவு பண்றது. வெளில சிவப்புத் தோல், உள்ள வெள்ளை, தோலை எங்க சீவணும் எங்க விடணும்ங்கறதுலதான் வேலைப்பாடே இருக்கு, உடுப்புல பூ வேலை, முகத்துல கண்ணு எல்லாம் அப்படித்தான் வரும். இயேசு பிறப்புக் காட்சி, கல்யாண ஊர்வலம், நாட்டியம் ஆடுறவங்கன்னு மேஜை மேஜையா வச்சிருப்பாங்க, ஜனங்க வரிசையில மணிக்கணக்கா நின்னு பார்த்துட்டுப் போவாங்க. சில மணி நேரத்துல வாடி நிறம் மாறிடும், அதனாலதான் ஒரே ராத்திரி.

நீங்க செய்றதா இருந்தா ரெண்டு மூணு விஷயம் கவனிச்சுக்கோங்க. பிஞ்சு வேண்டாம், கொஞ்சம் முத்தினதா கெட்டியா பார்த்து எடுங்க, சிவப்புத் தோல் கிடைச்சா நல்லது. பெரிய கத்தி யாருக்கும் குடுக்காதீங்க, சின்னக் கத்தியும் பல் குத்துற குச்சியும் போதும், துண்டு துண்டா செதுக்கி குச்சியால கோர்த்துடலாம். செதுக்காத நேரத்துல ஈரத்துணி போட்டு மூடி வைங்க, முடிச்சதும் ஸ்ப்ரே பாட்டில்ல அப்பப்போ தண்ணி அடிச்சுக்கிட்டே இருங்க, சாயந்திரம் எல்லாரும் வந்து பார்க்குற வரைக்கும் தாங்கும். செதுக்கி விழுற சீவலை தனியா சுத்தமா ஒரு பாத்திரத்துல பிடிச்சுக்கோங்க, உங்க முள்ளங்கி சாப்பிடுற வகைதானே, வீணாக்க வேண்டாம்.